லோடு சீட்டு வராத காலை

"இருக்குன்னு சொல்றேன்ல, அத்தான். கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

"இல்லைன்னு நானா சொல்றேன்? கம்ப்யூட்டர்தான் சொல்லுது. மாட்யூல் இல்லையாம்."

"என் திரையில இருக்கே."

"உன் திரையை வச்சு நான் லாரியை அனுப்பவா?"

லாரி புக்கிங் ஆபீஸின் கதவு சாத்தியிருந்தும் எதிர்க்கடைவரை கேட்டது. காதில் விழாதவர்கள் விழுந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

சின்னவள் முதலாளியின் இளைய மகள். எந்தச் சரக்கு எந்த லாரியில் ஏறும் என்று தினமும் காலையில் சீட்டு அடித்துத் தரும் புரோகிராமைப் பைத்தானில் எழுதியவள். எக்செல் கோப்பைப் படிக்க ஒரு மாட்யூல், சீட்டை வரைய இன்னொன்று என்று வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்த துணைகளின் தயவில் அது ஓடியது. இப்போது வேறு ஊரில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா ஒரு நிபந்தனை போட்டார்: ஒரு காலைப் பொழுது அவள் கை படாமல் ஆபீஸ் ஓடினால் போகலாம், இல்லையென்றால் கிடையாது. அந்தக் காலை இன்றுதான். ஓட்டிக் காட்ட வேண்டியவர் அக்கா புருஷன். பெயருக்கு மேனேஜர், ஸ்டேப்ளரில் பின் தீர்ந்தாலும் கொழுந்தியாளைத்தான் கூப்பிடுவார்.

வாசலில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஒரு டிரைவர் ஹாரனில் கை வைத்துவிட்டு எடுக்க மறந்தார். சின்னவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அத்தானின் கீபோர்டைத் தொட முடியாது. தொட்டால் அப்பா சிரிப்பார். தன் மேசைக்கு ஓடிக் கறுப்புத் திரையில் 'பிப் லிஸ்ட்' அடித்தாள். நிறுவியிருப்பவை எல்லாம் வரிசையாக வந்தன. இரண்டு மாட்யூலும் கல்லுப்பிள்ளையார் போல அசையாமல் இருந்தன. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி அடித்தாள். இரண்டு மேசைக்கும் சர்வர் ஒன்றுதான். அங்கே இல்லாதது இங்கே எப்படி இருக்கும்?

"உன் வீட்டுக்காரர்தான் என்னமோ பண்ணியிருக்காரு. நான் போயிட்டா வேலை செய்யணுமேன்னு" என்றாள், சத்தம் கேட்டு வந்து நின்ற அக்காவிடம்.

"கெடுக்கிற அளவுக்கு அவருக்குத் தெரிஞ்சிருந்தா நான் ஏன்டி கவலைப்படறேன்?"

பேச்சில் நியாயம் இருந்தது. எரிச்சலோடு திரும்பி 'பிப் ஷோ' அடித்தாள். அது ஒவ்வொரு மாட்யூலைப் பற்றியும் விவரமாகச் சொல்லும். பெயரையும் பதிப்பையும் பார்த்துவிட்டு மூடுவதே அவள் வழக்கம். இன்று வேறு வழியில்லாமல் கீழே வரைக்கும் படித்தாள். மாட்யூல் இருக்கும் இடம் என்று ஒரு வரி. அதில் அவளுடைய சொந்த ஃபோல்டர்.

முகம் சிவந்தது. நிறுவிய அன்று பொது இடத்தில் வைக்க சர்வர் அனுமதி கேட்டது. நிர்வாகி பாஸ்வேர்டு அத்தானிடம். அவரிடம் போய்க் கேட்பதாவது என்று தனக்கு மட்டுமாகப் போட்டுக்கொண்டாள். தினமும் தன் லாகினிலேயே ஓட்டியதால் தெரியவில்லை. அத்தான் இன்று ஓட்டியது ஆபீஸ் லாகினில், அதன் கண்ணுக்கு அவள் ஃபோல்டர் தெரியாது.

அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்தால் பழி அத்தான் தலையில் விழும். ஆனால் சீட்டும் வராது, ஊருக்கும் போக முடியாது.

"அத்தான் சொன்னது சரிதான். அங்க இல்லை. என் பேர்ல மட்டும் போட்டு வச்சிருக்கேன்."

"கொஞ்சம் சத்தமா சொல்லேன், உங்க அக்காவுக்குக் கேக்கல."

"கேட்டுச்சு, கேட்டுச்சு. டைப் பண்ணுங்க" என்றாள் அக்கா.

சின்னவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மாட்யூல்களைப் பொது இடத்தில் நிறுவும் கட்டளையைச் சொல்லச் சொல்ல, மேனேஜர் ஒற்றை விரலால் கோழி கொத்துவது போல அடித்தார்.

"ஸ்பேஸ் விடுங்க."

"எங்க?"

"சொன்ன இடத்துல, அத்தான்."

பாஸ்வேர்டு கேட்டதும் எல்லோரையும் திரும்பி நிற்கச் சொன்னார். பிறகு ஆபீஸ் லாகினிலேயே பட்டியலைப் போடச் சொன்னாள். இரண்டும் வந்தன. பிரிண்டர் செருமிக்கொண்டு சீட்டைத் துப்பியது. லாரிகள் உறுமிப் புறப்பட்டன. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அடுத்த தடவை கெட்டா?" என்றார்.

"போன்ல சொல்றேன்பா. இப்ப சொன்ன மாதிரிதான்."

"அப்ப போய் அவங்களுக்குப் பதில் சொல்லு."

சின்னவள் அந்த மாதமே கிளம்பினாள். அங்கே பக்கத்து இருக்கைக்காரனையே கல்யாணம் செய்துகொண்டாள். அவன் அதிகம் பேசமாட்டானாம், இவளுக்கு அது வசதி. அனுப்ப நிபந்தனை போட்ட அப்பா, அங்கே பேத்தி பிறந்ததும் ஆபீஸை மூத்த மருமகன் கையில் கொடுத்துவிட்டு அவளிருக்கும் ஊருக்கே குடிபோய்விட்டார். ஆனால் இங்கே ஆபீஸை நடத்துவது அக்காதான்.