பழுப்பு அட்டைக்குள் மரகதம்

மைசூரு அக்ரஹாரத்தில், காபிப்பொடிக் கடைக்கு மேலே உள்ள மாடியறையில், ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குத் தமிழ் வாசகர் வட்டம் கூடும். நான்கு மணி என்றால் நான்கு மணிதான். தாமதமாக வருபவர் யாராயினும் படிக்கட்டின் மேல்படியில் நின்று, தலைவி சொர்ணலதா தலையசைத்த பிறகே உள்ளே அடியெடுத்து வைக்கலாம். ஒருமுறை அவருடைய சொந்தத் தம்பியே பத்து நிமிடம் நின்றிருக்கிறார்.

வட்டத்தின் புத்தகங்கள் அனைத்துக்கும் பழுப்புத்தாளில் அட்டை போடப்பட்டிருக்கும். முதுகில் ஓர் எண் மட்டுமே காணப்படும். 'பத்தாவது பதிப்பு', 'திரைப்படமாக வரவிருக்கிறது' என்றெல்லாம் மேலட்டையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தவுடனேயே பாதிப் பேர் நூலை விரும்பத் தொடங்கிவிடுகிறார்கள், மீதிப் பேர் வெறுக்கத் தொடங்கிவிடுகிறார்கள், இரு சாராருமே படிப்பதில்லை என்பது சொர்ணலதாவின் கருத்து. ஆகவே, ஒரு புத்தகம் வந்ததும் அதன் மேலட்டையை அவரே பழுப்புத்தாளால் மூடி, மடிப்புகளைப் பசை வைத்து ஒட்டிவிடுவார். அவர் ஒட்டியதை எவரும் பிரித்ததில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை, மிகுதியாக விற்பனையாகும் நாவல்கள், தன்வரலாறுகள் ஆகியவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, 'படிக்கத் தகுந்தவை' என்னும் அலமாரியில் அதற்கு இடம் தரலாமா என்று அங்கே வழக்காடுவார்கள். ஒருவர் நூலுக்காகப் பேசுவார். ஒருவர் எதிர்த்துப் பேசுவார். முந்தைய ஆண்டு, லாரி ஓட்டுநர் ஒருவரின் தன்வரலாறு இரண்டு வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. அதற்கு முந்தைய ஆண்டு வென்ற செவிலி ஒருவரின் தன்வரலாற்றுக்கு, தாள் கிழியக் கிழிய, இதுவரை நான்கு முறை அட்டை மாற்றியாயிற்று.

இவ்வாண்டு வழக்குக்கு வந்த நூல் 'மரகதம் டெய்லர்ஸ்' என்ற நாவல். ஏழு மாதத்தில் ஒன்பது பதிப்புகள் கண்டது. அதற்காகப் பேச முன்வந்தவள் ஸ்வாதி.

ஸ்வாதிக்கு இருபத்தேழு வயது. கௌதள்ளி என்ற சிற்றூரிலிருந்து வேலைக்காக மைசூருக்கு வந்து, மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் பார்வை சோதிப்பவளாக இருந்தாள். நாள் முழுவதும் வருபவர்களிடம் "இப்ப நல்லா தெரியுதுங்களா, இல்ல முன்னாடி நல்லா தெரிஞ்சுதுங்களா?" என்று கேட்பது அவள் தொழில். அவளிடம் 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று எவரும் கேட்டதில்லை. விடுதி அறையில் உடனிருந்த இருவரும் காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டே உறங்குபவர்கள். இந்த மாடியறைக்குள் அவள் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையன்று, ஏதோ ஒரு கதையைப் பற்றி சொர்ணலதா அவள் பக்கம் திரும்பி, "உனக்கு என்ன தோணித்து?" என்று கேட்டார். அன்று முதல் ஒரு ஞாயிறும் அவள் தவறவிட்டதில்லை.

ஆயினும் அவள் இன்னும் பார்வையாளர்தான். ஆறு மாதம் வந்தவர், ஆண்டு வழக்கில் பேசி, நூலை முழுமையாக அறிந்து பேசினார் என்று தலைவி ஒப்பினால் மட்டுமே உறுப்பினர் ஆகலாம். நூல் வெல்வதும் தோற்பதும் வேறு கணக்கு. ஆனால், பார்வையாளர் முழுவதும் படிக்காமல் பேசியதாகத் தெரியவந்தால், ஓராண்டுக்குப் படியேறக் கூடாது.

அவள் நாவலைக் கன்னடத்தில்தான் படித்தாள். வீட்டில் பேசியது தமிழ், பள்ளியில் படித்தது கன்னடம். தமிழ் எழுத்துகளை அவள் பேருந்துப் பலகை படிக்கும் வேகத்தில்தான் படிப்பாள். எந்த மொழியில் வேண்டுமானாலும் படிக்கலாம், பேசுவது தமிழில் இருக்க வேண்டும் என்பதே வட்டத்தின் வழக்கமாதலால், நாவலின் கன்னட மொழிபெயர்ப்பும் வாங்கப்பட்டு, பழுப்பு அட்டை போடப்பட்டு, அவளிடம் தரப்பட்டிருந்தது. அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

எதிர்த்துப் பேசியவர் காளியப்பன். அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர். நன்றாக விற்கிற புத்தகம் நன்றாக இருக்க முடியாது என்பது அவருடைய நெடுநாளைய கொள்கை. எதிர்த்துப் பேசும் உறுப்பினர் நூலை முடித்திருக்க வேண்டியதில்லை, தாம் எத்தனை பக்கம் படித்தார் என்பதை மட்டும் ஒரு சீட்டில் எழுதித் தரவேண்டும். அவர் 'முப்பது' என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

"முப்பது பக்கத்துக்கு மேல என்னால முடியலை," என்று அவர் தொடங்கினார். "இதெல்லாம் பஸ் ஸ்டாண்டுல வேர்க்கடலையோட விக்கிற சரக்கு. ஒரு டெய்லரம்மா, ஒரு கொடுமைக்கார மாமியார், மூணு தையல் மிஷின். கடைசியில எல்லாரும் கட்டிப்புடிச்சு அழுது, சுபம் போட்டுருவாங்க. வேற என்ன இருக்கும்?"

நேரங்காட்டும் மணியை வைத்திருந்த பிரசாந்த், வங்கியில் வேலை பார்ப்பவன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

"சார், ஸ்வல்ப மெதுவா. மணி அடிக்க இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. மூச்சு வாங்கிக்கோங்க."

"நீ மணியைப் பாரு, போதும்."

பிறகு ஸ்வாதி எழுந்தாள். கையில் குறிப்பு ஏதும் இல்லை.

"ஏனுங்க சார், முப்பது பக்கம் படிச்சுப்போட்டுக் கடைசிப் பக்கம் எப்படி இருக்கும்னு சொல்றீங்களே, அது நாயமுங்களா? கண்ணாடி போடாமயே கடைசி வரி தெரியுதுன்னு சொல்ற ஆளுங்க எங்க கடைக்கும் வருவாங்க."

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவளுக்குத் தைரியம் வந்தது.

"நான் சொல்றேனுங்க. கடைசியில யாரும் கட்டிப்புடிச்சு அழுகறதில்லைங்க. விடியக்காலம் மரகதம் ஒரு மிஷினோட தலையை மட்டும் கழட்டி, சேலையில சுத்தி, மடியில வெச்சுக்கிட்டு பஸ்ஸுல உக்காந்துக்கறா. மாமியார் வாசல்ல நிக்கறது கண்ணாடியில தெரியுது. திரும்பிப் பாக்கலைங்க. பஸ் கெளம்பிருது. அவ்வளவுதானுங்க கதை. எங்க போனா, என்ன ஆனா, ஒண்ணுமே சொல்லறதில்லை. படிச்சு முடிச்சுப்போட்டு ரெண்டு நாள் எனக்குத் தூக்கமில்லைங்க. இத்தனை பேரு வாங்கிப் படிக்கிற ஒரு புஸ்தகம், படிக்கறவங்க கேக்கற முடிவைக் குடுக்காம இப்படி முடிக்குதுன்னா, அதுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேணும்! சார் சொன்ன சுபம் எங்கிங்க இருக்குது?"

காளியப்பன் இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"யாரும்மா சொன்னா அவ போயிட்டான்னு? பதினேழாவது அத்தியாயத்துலதான் திரும்பி வந்துடறாளே! மாமியார் வீட்டுக்கு நேர் எதிர்லயே கடை போடறாளே! அந்த மூணாவது மிஷினை யாரு தூக்கிட்டு வரான்னு நெனச்சே? அந்தக் கெழவியே தலையில வெச்சு…"

அவர் அங்கே நிறுத்தினார். நிறுத்துவதற்குள் எல்லாம் சொல்லியாயிற்று.



"சார்," என்றான் பிரசாந்த், மிகுந்த பணிவுடன். "முப்பது பக்கத்துக்குள்ள பதினேழு அத்தியாயமா? பக்கத்துக்கு ரெண்டு வரிதான் இருக்கும்போல."

யாராலும் சிரிக்க முடியவில்லை. ஏனெனில், ஸ்வாதியின் முகம் வெளுத்திருந்தது.

"திரும்பி வராளுங்களா?" என்று கேட்டாள் அவள். "என் புஸ்தகத்துல பதினாலு அத்தியாயந்தானுங்க இருக்குது."

சொர்ணலதா கையை நீட்டினார். ஸ்வாதி தன்னிடமிருந்த கன்னடப் புத்தகத்தைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாள். தலைவி தம் கைப்பையிலிருந்து சிறு கத்தரிக்கோலை எடுத்து, தாம் ஒட்டிய மடிப்பைத் தாமே பிரித்தார். பழுப்புத்தாள் விலகியது. மேலட்டையின் வலது மூலையில், பதிப்பகத்தார் பின்னர் ஒட்டிய மஞ்சள் நிற வட்டத்தில், 'முதல் பாகம்' என்று கன்னடத்தில் அச்சிடப்பட்டிருந்தது. உள்ளே வேறெங்கும் அந்தச் செய்தி இல்லை. இரண்டாம் பாகம் இன்னும் மொழிபெயர்க்கப்பட்டு வரவில்லை என்பதைப் பிரசாந்த் கைப்பேசியில் தேடிக் கண்டறிந்து சொன்னான்.

ஸ்வாதி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பாதி படிச்சுப்போட்டுத்தானுங்க பேசிட்டேன். விதி விதிதானுங்க மேடம். அடுத்த வருசம் வர்றேனுங்க."

"உக்காரும்மா," என்றார் சொர்ணலதா. "கூட்டம் முடிஞ்சுதுன்னு நான் சொன்னேனா?"

அவள் உட்கார்ந்தாள், பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"காளியப்பன் சார், நீங்க எத்தனை தடவை படிச்சீங்க?"

"ரெண்டு," என்றார் அவர். பிறகு, "மூணு," என்றார்.

"சீட்டுல முப்பதுன்னு எழுதியிருக்கே?"

"என்ன செய்யச் சொல்றீங்க? கனமான புஸ்தகந்தான் படிப்பேன்னு ஊரெல்லாம் பேர் வாங்கியாச்சு. இத்தனை வருஷத்துக்கு அப்புறம், டெய்லர் கதை படிச்சு அழுதேன்னு சொல்ல முடியுமா? பழுப்பு அட்டை இருந்துதா, நஞ்சன்கூடு பஸ்ஸுலயே உக்காந்து படிச்சேன். பக்கத்துல இருந்தவன் ஏதோ வேதாந்தம்னு நெனச்சு எடம் விட்டு உக்காந்தான்."

இப்போது அறை முழுவதும் சிரித்தது. ஸ்வாதியும் சிரித்துவிட்டாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

சொர்ணலதா சிரிக்கவில்லை. பிரித்த தாளை நான்காக மடித்தார்.

"தப்பு மூணு நடந்திருக்கு. பாதி படிச்சுட்டு முழுசுன்னு நெனச்சது ஒண்ணு. முழுசும் படிச்சுட்டு முப்பதுன்னு எழுதினது ஒண்ணு. பாதின்னு எழுதியிருக்கறதைப் படிக்காமலே ஒட்டி மூடினது ஒண்ணு. மூணாவது தப்பு என்னோடது. அதனாலதான் முதல் தப்பே நடந்தது. வழக்கை ஒத்திவைக்கிறேன். பதினஞ்சாவது அத்தியாயத்துலேருந்து காளியப்பன் சார் உரக்கப் படிக்கணும், இந்தப் பொண்ணு கேட்டு முடிக்கிற வரைக்கும். மத்தவங்க விருப்பப்பட்டா வீட்டுக்குப் போகலாம்."

"உங்க தப்புக்கு என்ன தண்டனை மேடம்?" என்றான் பிரசாந்த்.

"படிச்சு முடியற வரைக்கும் எல்லாருக்கும் காபி நான் கொண்டுவரேன்."

புத்தகம் உள்ள அறைக்குள் தண்ணீர்ப் பாட்டிலைக்கூட அனுமதியாத சொர்ணலதா, எதிர் ஓட்டலிலிருந்து இரண்டு ஃபிளாஸ்க்குகளில் காபி வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். அவர் வரும்போது ஒருவரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை.

காளியப்பன் நன்றாகப் படித்தார். மரகதத்துக்கு ஒரு குரல், மாமியாருக்கு ஒரு குரல், நடத்துநருக்கு மூக்கால் ஒரு குரல். தொடக்கத்தில் வெட்கப்பட்டவர், பதினாறாவது அத்தியாயத்தில் எழுந்து நின்றுகொண்டார். அன்று ஆறு மணிக்கு, மரகதம் மீண்டும் அதே தெருமுனையில் வந்து இறங்கும் இடத்தில் புத்தகத்தை மூடினார்.

"அப்புறம்?" என்று ஒரு குரல் கேட்டது. அனைவரும் திரும்பிப் பார்த்தனர். கேட்டவர் சொர்ணலதா.

"அடுத்த ஞாயிறு," என்றார் காளியப்பன் கம்பீரமாக.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மூன்றரை மணிக்கே நாற்காலிகள் நிறைந்துவிட்டன. காபிப்பொடிக் கடைக்காரர் கொட்டை அரைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மேல்படியில் வந்து அமர்ந்துகொண்டார். அவருக்குத் தமிழ் பாதிதான் புரியும். புரியாத இடத்தில் பிரசாந்தைச் சுரண்டிக் கேட்டுக்கொண்டார். மூன்றாவது ஞாயிறன்று, மாமியார் தையல் இயந்திரத்தைத் தலையில் சுமந்து தெருவைக் கடக்கும் பத்தி வந்தது. காளியப்பன் அதை மூன்று முறை நிறுத்தி நிறுத்திப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மங்கலாகத் தெரிகிறது என்று காரணம் சொன்னார்.

"கடைக்கு வாங்க சார், டெஸ்ட் பண்ணிப் பாத்துரலாம்," என்றாள் ஸ்வாதி.

நாவல் முடிந்தபோது மணி ஐந்தரை. எல்லாரும் ஸ்வாதியைப் பார்த்தார்கள். இப்போது அவள் நூலை முழுமையாக அறிந்தவள். எழுந்து நன்றி சொல்லி, இந்நூலை அலமாரியில் சேர்க்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், உறுப்பினர் ஆகிவிடலாம்.

அவள் எழுந்தாள். சேலைத் தலைப்பின் நுனியைச் சற்று நேரம் சுருட்டினாள்.

"கேக்கறதுக்கு ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. நானும் அழுதேனுங்க. ஆனா…"

"ஆனா என்ன?" என்றார் காளியப்பன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. பதினாலாவது அத்தியாயத்தோட நிறுத்தியிருக்கோணுமுங்க. பஸ்ஸுல போன மரகதந்தான் பெரிய ஆளு. திரும்பி வந்த மரகதம் எல்லாருக்கும் நல்ல பேரு வாங்கறதுக்காக வந்தவளுங்க. முழுப் புஸ்தகத்துக்கு என்னால ஓட்டுப் போட முடியாதுங்க. முதல் பாகத்துக்குன்னா போடறேன்."

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. காளியப்பன் கையிலிருந்த புத்தகத்தை மேசைமேல் ஓங்கி வைத்தார்.

"என்னம்மா பேசறே நீ! ஓடிப்போறது எல்லாராலயும் முடியும். எதிர் வீட்டுல கடை போட்டு, தெனமும் அந்த மூஞ்சியில முழிச்சு, ஜாக்கெட் தெச்சுக் குடுத்து ஜெயிக்கறதுக்குத்தான் நெஞ்சுரம் வேணும். ஒன்பது பதிப்பு சும்மாவா போச்சு? ஊர் ஜனம் எல்லாம் முட்டாளா?"

"சார், பஸ் ஸ்டாண்டு வேர்க்கடலைச் சரக்குன்னு சொன்னது நீங்கதானுங்களே?"

"அது போன மாசம்!"

"அப்ப, மாமியாரு தலையில வெச்சுத் தூக்கிட்டு வந்தா எல்லாம் சரியாப் போயிருமுங்களா? பதினஞ்சு வருசம் அவ பட்ட பாடு?"

"அதுக்குத்தான் இருபதாவது அத்தியாயத்துல…"

பிரசாந்த் மணியடித்தான். இருவரும் நிறுத்தவில்லை. மறுபடி அடித்தான். "பிடு குரு," என்று கன்னடத்தில், 'விட்டுத் தள்ளு' என்பதுபோல், சொல்லிவிட்டு மணியை மேசைக்கடியில் வைத்துவிட்டான்.

சொர்ணலதா கூட்டக் குறிப்பேட்டைத் திறந்து, அவசரமில்லாமல் எழுதினார். எழுதியதை, இருவரும் மூச்சு வாங்கிய இடைவெளியில் படித்தும் காட்டினார்:

"நூலுக்காகப் பேசுபவர் காளியப்பன். எதிர்த்துப் பேசுபவர் ஸ்வாதி. இருவரும் நூலை முழுமையாகப் படித்தறிந்தவர்கள். வழக்கு முறைப்படி நடைபெற்றது."

பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு சிறிய அட்டையை எடுத்து, பெயர் எழுதி, ஸ்வாதியின் முன் நகர்த்தினார். உறுப்பினர் எண் பத்தொன்பது. ஸ்வாதி அதைப் படித்தாள். தன் பெயர்தான் என்றாலும், தமிழில் எழுதியிருந்ததால் எழுத்தெழுத்தாகப் படித்தாள். படித்த பிறகே பையைத் தோளிலிருந்து இறக்கி நாற்காலிக்கடியில் வைத்தாள்.

'மரகதம் டெய்லர்ஸ்' பதினான்கு வாக்குகள் பெற்று அலமாரிக்குள் சென்றது. எதிர் வாக்கு ஒன்று. அது உறுப்பினர் எண் பத்தொன்பது அளித்த முதல் வாக்கு.

அனைவரும் சென்ற பிறகு, சொர்ணலதா கன்னடப் புத்தகத்துக்குப் புதிய பழுப்புத்தாள் வெட்டினார். ஒட்டுவதற்கு முன், வலது மூலையில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வரைந்து, அதைக் கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்தார். அந்தச் சாளரத்தின் வழியே மஞ்சள் வட்டம் தெளிவாகத் தெரிந்தது. கீழே, படிக்கட்டின் கடைசிப் படியில், காளியப்பன் இருபத்தோராவது அத்தியாயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். "இல்லைங்க சார், இல்லவே இல்லைங்க," என்று ஸ்வாதி சொல்லிக்கொண்டிருந்தாள்.