சொந்த விருப்பத்தின் பேரில்

என் பெரிய பெண்ணை அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருவில் கேட்டால் என் புருஷனைத்தான் கை காட்டுவார்கள். பாவம், அந்த மனுஷனுக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது. வேண்டாம் என்றுதான் சொன்னார்.

அது எண்பத்தைந்தாம் வருஷம். மண்ணூர்பேட்டையில் குடியிருந்தோம். என் புருஷன் ஜம்புலிங்கத்துக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. எனக்கு அதே எஸ்டேட்டில் ஸ்க்ரூ கம்பெனியில் பேக்கிங். எங்கள் இரண்டு பேருடைய அப்பன் ஆத்தாளும் அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர்கள். பெரியவள் சாமுண்டீஸ்வரி அப்போது ஐந்தாவது முடித்திருந்தாள். ஆறாவதுக்கு இரண்டு பள்ளிக்கூடம் இருந்தது, இரண்டுமே கவர்மெண்ட். ஒன்று எங்கள் தெருவுக்குப் பின்னால், ஓடு வேய்ந்த நீளக் கொட்டகை. பத்தாவது வரைக்கும் உண்டு. பலத்த மழை பெய்தால் லீவு. இன்னொன்று பஸ்ஸில் மூன்று ஸ்டாப் தள்ளி, மாடி வைத்த கட்டடம். எல்லோரும் பெரிய ஸ்கூல் என்பார்கள்.

"கிட்டக்கவே ஒரு இஸ்கூலு கீது. பஸ்ஸுல தொங்கிகினு போவணுமா கொயந்த?" என்றார் அவர்.

"உனுக்கு இன்னா தெரியும்? இங்க பாதி புள்ளைங்க பெயிலாயி கோட்டு அடிக்குது. அங்க மூணு வர்சமா நூத்துக்கு நூறு பாஸு. கேட்டாண்ட போர்டே வெச்சிகீறாங்க, போய்ப் பாரு."

போர்டு இருந்தது உண்மை. நீலத்தில் வெள்ளை எழுத்து. பஸ்ஸில் வேலைக்குப் போகும்போதெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டே போவேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான் நான், ஆனால் நம்பர் என்றால் ஒரு பார்வை போதும். நூறு என்றால் நூறு. எத்தனை பேரில் நூறு என்று கேட்கிற புத்தி அன்றைக்கு இல்லை.

மூன்று நாள் க்யூவில் நின்றேன். கம்பெனியில் சூபர்வைசர் திட்டுக்குமேல் திட்டு. முதல் நாள் விண்ணப்பம் தீர்ந்துவிட்டது. இரண்டாம் நாள் ஜாதிச் சான்றிதழில் சீல் சரியாக விழவில்லை என்றார்கள். மூன்றாம் நாள் இடம் கிடைத்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சாமுவை இழுத்துக்கொண்டு வராந்தா முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினேன், என்னவோ நானே கட்டின மாளிகை மாதிரி. ஆறாவதுக்கு ஐந்து வகுப்பறை இருந்தது. பத்தாவதுக்கு இரண்டுதான் இருந்தது.

ஆபீஸில் இருந்த கிளார்க் வீராசாமியிடம் கேட்டேன். "மத்த புள்ளைங்கல்லாம் எங்கண்ணே போயிடுவாங்க?"

"போயிடுவாங்கம்மா" என்று சிரித்தார்.

வேலை மாறி ஊர் ஊராகப் போகிற குடும்பங்கள் போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். என்னைப் போல ஒரு முட்டாள் கிடையாது.

சாமு நன்றாகத்தான் படித்தாள். தமிழில் எண்பதுக்குக் குறையாது. வரலாறு கேட்டால் ராஜா பேரும் வருஷமும் மூச்சு விடாமல் சொல்லுவாள். கணக்கு மட்டும் வரவில்லை. சொல்லிக்கொடுக்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? நானும் அவரும் நோட்டை மாற்றி மாற்றிப் பார்ப்போம். "இதுல இன்னாத்துக்கும்மா எழுத்தெல்லாம் வந்துகீது, கணக்குன்னா நம்பர்தான வரணும்?" என்று அவர் கேட்பார். சாமு விழுந்து விழுந்து சிரிப்பாள். எட்டாவது வரைக்கும் தட்டுத் தடுமாறி வந்துவிட்டாள். ஒன்பதாவதில் அரையாண்டில் இருபத்தெட்டு, முழுப் பரீட்சையில் இருபத்திரண்டு.

எண்பத்தொன்பது மே மாதம் அப்பா அம்மா இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். சாமுவை வெளியே வேப்பமரத்தடியில் நிற்க வைத்துவிட்டு நாங்கள் ஹெட்மாஸ்டர் அறைக்குள் போனோம். நாற்காலி இருந்தது. அவர் உட்காரச் சொல்லவில்லை, நாங்களும் உட்காரவில்லை. ஆனால் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் இப்போதும் வயிற்றை எரிக்கிறது. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"உங்க பொண்ணு நல்ல பொண்ணு. ஒழுக்கத்துல ஒரு குறை சொல்ல முடியாது. கணக்குதான் வரல. பத்தாவதுல உட்கார வெச்சா பெயிலாயிடும். எங்க ரிசல்ட் போயிடும்மா."

"அப்ப இன்னொரு வாட்டி ஒம்போதாவதே படிக்கட்டும் சார்" என்றேன்.

"அதுக்கு இங்க இடமில்ல. ஒரு உதவி செய்யறேன். பாஸ் போட்டு டி.சி. குடுத்துடறேன். வேற ஸ்கூல்ல பத்தாவது சேர்த்துடுங்க. இல்லன்னா பெயில்னு எழுதித்தான் குடுக்கணும். அப்புறம் உங்க இஷ்டம்."

மேஜை மேல் ஒரு கட்டு இருந்தது. அதிலிருந்து ஒரு தாளை உருவி எங்கள் முன்னால் தள்ளினார். சைக்ளோஸ்டைல் எடுத்த கடிதம். பேர் எழுத மட்டும் கோடு போட்டு இடம் விட்டிருந்தது. எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் எங்கள் மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் தரும்படி கேட்டுக்கொள்கிறோம் என்று இருந்ததை அவரே படித்துக் காட்டினார். கட்டு கனமாக இருந்தது. நாற்பது ஐம்பது தாள் இருக்கும். ஐந்து வகுப்பறை எப்படி இரண்டாகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஜம்புலிங்கம் கைகட்டி நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தார். நீ சேர்த்தாய், நீயே சொல் என்கிற பார்வை அது. கோபம்கூட இல்லை. பெயில் என்று எழுதின தாளை என் பெண்ணின் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கையெழுத்துப் போட்டேன். பூங்காவனம் என்று என் பேரை எழுத மட்டும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்கு அதுவும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

வெளியே வந்ததும் சாமு ஓடி வந்தாள். "எம்மா, பாஸா பெயிலா?"

"பாஸு."

அப்படிச் சிரித்தாள் பாருங்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. பஸ் ஸ்டாப்பில்தான் மீதியைச் சொன்னேன். பஸ் வந்தது, ஏறினோம், இறங்கினோம். தெருமுனையில்தான், "அப்ப இன்னாத்துக்கு பாஸுன்னு சொன்னே?" என்றாள்.

மறுநாள் ஓட்டுக் கொட்டகைப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அங்கே பார்வதம் டீச்சர்தான் ஹெட்மிஸ்ட்ரஸ். டி.சி.யை வாங்கிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"பாஸ் போட்டுட்டாங்களே. பெயில்னு வந்திருந்தா நானே ஒம்பதாவதுல மறுபடி உக்கார வெச்சிருப்பேன், யாரையும் கேக்க வேணாம். பத்தாவதுல புதுசா சேர்க்கணும்னா கல்வி அதிகாரி உத்தரவு வேணும். வாங்கிட்டு வாங்க, கண்டிப்பா சேர்த்துக்கறேன்."

"பாஸை அடிச்சிட்டு பெயில்னு எழுதிக்கலாமா டீச்சர்?" என்று கேட்டார் என் புருஷன். அவருக்கு அது விளையாட்டு இல்லை. பெத்த பெண்ணை எப்படியாவது பெயில் ஆக்கச் சொல்லி ஒரு மனுஷன் கெஞ்சியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அதிகாரி ஆபீஸுக்கு ஐந்து தரம் நடந்தோம். ஒரு நாள் அதிகாரி லீவு. ஒரு நாள் மீட்டிங். ஒரு நாள் மனுவை எழுதின விதம் சரியில்லை. ஜூலை பாதியில், இனிமேல் இந்த வருஷம் முடியாது, அடுத்த வருஷம் வாருங்கள் என்றார்கள். சாமு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவளும் தலை பின்னிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எங்கடி?"

"உங்கூடத்தான். பேக்கிங்ல ஆள் கேக்கறாங்கன்னு சொன்னியே."

வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த வருஷம் அதிகாரி ஆபீஸுக்கு அவளும் வரவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. டுடோரியலில் சேர்ந்து எழுதலாம் என்று யாராவது சொன்னால், "அப்பால பாத்துக்கலாம்" என்பாள். பேக்கிங்கில் அவள் கை வேகத்தை சூபர்வைசரே மெச்சுவான். எனக்கு அவனைக் கண்டாலே அறைய வேண்டும் போலிருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து சின்னவள் வசந்தாவுக்கு ஆறாவது வந்தது. அவள் வகுப்பில் முதல். கணக்கில் எப்போதும் தொண்ணூறுக்கு மேல். கொட்டகைப் பள்ளிக்கூடத்தில் பார்வதம் டீச்சர் ரிடையராகிப் போய்விட்டார், கணக்குக்கு வாத்தியாரே இல்லை என்று பேச்சு. எந்தப் பள்ளிக்கூடம் என்று முடிவு பண்ணாமலே நானும் ஜம்புலிங்கமும் நாளைக் கடத்தினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு சாப்பிடும்போது சாமுதான் பேச்சை எடுத்தாள்.

"வசந்தாவ பெரிய ஸ்கூல்லயே போடும்மா. அவளுக்குத்தான் கணக்கு வருதே. அவள வெளிய அனுப்ப மாட்டாங்க."

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். எனக்கும் அந்த வாசலை மிதிக்கக் கூசியது. ஆனாலும் திங்கட்கிழமை போய் விண்ணப்பம் வாங்கி வந்தேன். ரோஷத்தைப் பார்த்தால் சின்னவள் படிப்பும் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாமு அரிசி டின் மேல் தாளை வைத்து எல்லாக் கட்டத்தையும் நிரப்பினாள். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் வசந்தாவோடு க்யூவில் நிற்கும்போதுதான் அதை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பேர், பிறந்த தேதி, அப்பா பேர், தொழில், எல்லாம் சரி. கடைசியில் ஒரு கேள்வி. இப்பள்ளியில் பயின்ற அல்லது பயிலும் உடன்பிறந்தோர். அதற்கு நேராகச் சாமு 'இல்லை' என்று எழுதியிருந்தாள்.

முன்னால் பத்துப் பேர் இருந்தார்கள். திருத்த நேரம் இருந்தது. பேனா கேட்டால் யாராவது கொடுத்திருப்பார்கள். அக்கா பேரைப் பார்த்தால் பழைய மார்க்கையும் தேடி எடுப்பார்கள், தங்கையையும் அதே கண்ணோடு பார்ப்பார்கள் என்று சாமு நினைத்திருக்கிறாள். எனக்கும் அதே பயம்தான். தாளை மடித்துப் பிடித்துக்கொண்டேன்.

வீராசாமி இல்லை. புதிதாக ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கடைசி வரைக்கும் விரலை வைத்துப் படித்தார்.

"அக்கா அண்ணன் யாரும் இங்க படிக்கலையா?"

"இல்ல சார்."

"இவதான் மொத கொழந்தையா?"

வசந்தா சட்டென்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"ஆமா சார்" என்றேன். இடம் கிடைத்தது.