வாலாஜாபாத் பஸ்ஸில் வருகிறவர்

ஓரிக்கை சாலை முதியோர் விடுதிக்கு எமன் வாலாஜாபாத் பஸ்ஸில்தான் வருவார். மதியக் கஞ்சி ஊற்றி முடித்த வேளையில் குடையை மடக்கிக் கதவோரம் சாய்த்துவிட்டு, அன்றைக்கு யார் முறையோ அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்காருவார். மற்ற வேலைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு விலகுவார்கள். அறுபத்தேழாம் வருஷம் வேலைக்குச் சேர்ந்த வேலாயுதம் மட்டும் அவருக்குத் தண்ணீர் கொடுத்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டான்.

அதற்குமுன் அவன் பட்டுத் தரகன். அவன் பழகிய தரகில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே முடிப்பார்கள், பக்கத்தில் நிற்கிற பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. கேட்ட விலைக்குக் கொடுப்பவன் தரகனே இல்லை என்று கேட்டு வளர்ந்தவன். தொழில் நொடித்து, கிழவர்களைப் புரட்டிப் படுக்கவைக்கவும் மலஜலம் எடுக்கவும் வந்து சேர்ந்த இடத்தில் எதிரே ஒரு வியாபாரி உட்கார்ந்ததும் கை தானாக நீண்டது. ஒரு விரல் என்றால் கட்டிலில் கிடப்பவருக்கு இன்னும் ஒரு மாதம், ஒரு கணு என்றால் ஒரு வாரம். எமனும் லேசுப்பட்டவரில்லை; உதட்டைப் பிதுக்குவார், குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போவார், திரும்பி வருவார். அந்த வருஷம் சுடுகாட்டுக்கு விறகு போடும் மண்டிக்காரன் பரசுராமன், என்ன ஆயிற்று உங்கள் விடுதிக்கு என்று நேரிலேயே வந்து விசாரித்துவிட்டுப் போனான்.

தணிகாசலத்துக்குத்தான் வேலாயுதம் அதிகம் வாங்கிக் கொடுத்தான். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்தே ஆயுளைக் கழித்து, முழங்கால் மடங்கியபடியே நின்றுபோன கிழவர். மகன் சிட்டிபாபு பம்பாயிலிருந்து வரும்வரை எப்படியாவது இழுத்துப் பிடி என்று அவரேதான் கேட்டுக்கொண்டார். சிட்டிபாபு வந்தான். கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி வாசலிலிருந்தே அப்பாவைப் பார்த்துவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தை நர்ஸ் லில்லியிடம் கொடுத்து, அன்றைக்கே ரயில் ஏறினான். அதோடு கிழவர் கடையைக் கட்டத் தயாராகிவிட்டார். வேலாயுதத்துக்குத்தான் மனசு வரவில்லை. எமன் வந்தபோதெல்லாம் இவன் ஜெயித்தான், ஜெயித்து மீசையைத் தடவிக்கொண்டான். கிழவரின் முதுகில் படுக்கைப்புண் காசளவில் தொடங்கி, உள்ளங்கை அகலமாகி, எலும்பு தெரிந்தது. அவரைப் புரட்டும் நேரத்தில் பக்கத்து வீடுகளில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

கட்டுப் போடுகிற லில்லி ஒருநாள் மருந்துக் கிண்ணத்தை அவன் முன்னால் வைத்தாள். "நாளு நாளா வாங்கிக்கினே போறியேண்ணே. ஒரு நாளாச்சும் அந்த முதுகை நீ கழுவிப் பாரு."

கழுவினான். பஞ்சு உள்ளே போயிற்று. கிழவர் மூச்சு திரும்பியதும் சொன்னார்: "நான் இன்னா பட்டு மூட்டையா, விலை ஏறட்டும்னு பூட்டி வெக்கிற? வந்த விலைக்குத் தள்ளிவுடுபா."

மறுநாள் வேலாயுதம் ஒரு விரலையும் பிடிக்காமல், ஒரு நாள்கூடக் கேட்காமல், கையை அப்படியே கொடுத்தான். எமன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். இத்தனை காலம் கணுக்கணுவாக இழுத்தவன் சும்மா கொடுத்தால் எந்த வியாபாரிக்குத்தான் சந்தேகம் வராது. "சரக்குல எதனா கோளாறா தரகரே?" என்று கேட்டுவிட்டுக் குடையை எடுத்தார். பிறகு பஸ் வந்தது, அவர் இறங்கவில்லை. மழைக்காலம் முழுக்க அப்படியே. கிழவர் வாசலைப் பார்த்தே கிடந்தார். மகனுக்காகக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

கடைசியில் வேலாயுதம் பஸ் நிற்கிற இடத்துக்கே போய், ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு, தன் சுண்டு விரலையும் சேர்த்து வைத்தான். அந்த விரலுக்கு மாதக் கணக்கில்லை; கிழவரோடு கொசுறாகத் தன் ஆயுளில் ஒரு வருஷம். கொசுறைக் கண்டால் தீராத சந்தேகம் எது? எமன் இறங்கி வந்தார். கஞ்சி ஆறுவதற்குள் தணிகாசலம் போய்ச் சேர்ந்தார். மடங்கிக் கிடந்த கால்கள் தாமாகவே நீண்டன.

ஒருமுறை கொசுறு கொடுத்தவனிடம் மறுமுறை கேட்காமல் விடுவார்களா. அதன்பின் வலியில் கிடந்த ஒவ்வொருவருக்கும் அவன் கொடுத்தான். முதலில் மீசை நரைத்தது, அப்புறம் பல் ஆடியது, அப்புறம் முட்டி. எழுபத்தைந்தாம் வருஷம், நாற்பது வயதிலேயே கிழவனாகி, காலியான கட்டில் ஒன்றில் தானே ஏறிப் படுத்தான். விடுதியில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. புரட்டிப் படுக்கவைக்க வேறு ஆள் எடுத்தார்கள், எமனோடு பேசுவது லில்லியின் பொறுப்பாயிற்று. அந்த ஆடியில் அவளுக்கு முன்நெற்றியில் ஒரு கொத்து முடி நரைத்தது. சாயம் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவள் கஞ்சியை ஆற்றி வேலாயுதத்துக்கு ஊட்டினாள்.