முதுகில் நாற்பத்தேழு

நாற்பத்தேழாம் எண் கப்பலுக்கு ஏராளமான இரும்புத் தகடுகளும், இரண்டு நங்கூரங்களும், ஒரு எஞ்சினும், ஒரு வெல்டரும் சொந்தமாக இருந்தார்கள்.

வெல்டர் சொந்தமானது அவன் மனைவியின் கைங்கரியம். கட்டி முடியாத கப்பல் யாருடையது என்ற சண்டை என்றைக்கு வேண்டுமானாலும் வரலாம் என்பதால், அந்தக் கப்பல் கட்டும் யார்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கப்பலுக்கென்று வந்து இறங்கும் ஒவ்வொரு சாமானிலும் அந்தக் கப்பலின் எண்ணை வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிவிடுவார்கள். எழுதிய நொடியிலிருந்து அது கப்பலை வாங்குபவருடையது. பொருத்தியாயிற்றா, மூலையில் கிடக்கிறதா என்ற பேச்சே கிடையாது. சாமான்களும் இதைப் புரிந்துகொண்டு, பெயின்ட் காய்ந்ததும் தாமாகவே நகர்ந்து கப்பலடியில் போய் நிற்கும். இதனால் கிரேன் ஓட்டுபவருக்குத் தூங்க நிறைய நேரம் கிடைத்தது. எண் எழுதுவது வெல்டரின் மனைவியுடைய வேலை. ஒரு மத்தியானம் அவள் எழுதிவிட்டுப் போன ஈரத் தகட்டின் மேல், நிழலாக இருக்கிறதே என்று சட்டையைக் கழற்றிவிட்டு அந்த மகராசன் மல்லாந்து படுத்துக் கண்ணயர்ந்தான். எழுந்தபோது முதுகில் நாற்பத்தேழு இடவலம் மாறிப் பதிந்திருந்தது. சாயங்காலம் கேட்டைத் தாண்டியதும் கால்கள் தாமாகத் திரும்பி அவனைக் கப்பலுக்கே கூட்டிப்போயின.

மண்ணெண்ணெய், தின்னர், உப்புத்தாள் எல்லாம் போட்டுத் தேய்த்தும் தோல் உரிந்ததே தவிர எண் அசையவில்லை. அவள் அழுத அழுகையில் பாதி அவனுக்காக, மீதி தன் கையெழுத்து அவ்வளவு அழுத்தமாக அமைந்துவிட்டதற்காக. இரண்டு வருஷம் அவன் கப்பலின் வயிற்றில் படுத்தான். அவள் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மாமியார் தனியாக இருப்பாளே என்று வீடு திரும்புவாள்.

பிறகு யார்டு நொடித்துப்போனது. முதலாளி கம்பி நீட்டிவிட்டார். பாதி கட்டிய கப்பல் எங்களுடையது என்று பேங்க் பூட்டோடு வந்தது, எங்களுடையது என்று வாங்கியவர் வக்கீலோடு வந்தார். வெல்டரால் கோர்ட்டுக்குப் போக முடியாததால் நீதிபதியம்மா யார்டுக்கே வந்தார். எண் திரும்பி விழுந்திருப்பதால் அது செல்லாது என்று மனைவி வாதாடிப் பார்த்தாள். நீதிபதியம்மா கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அவன் முதுகுக்கு நேரே பிடித்தார்.

"நாப்பத்தேழுதாம்மா. நல்லாவே தெரியுது."

எண் உள்ளதெல்லாம் வாங்கியவருக்கே என்று தீர்ப்பானது. அவர் மோசமான மனிதர் இல்லை. "இவர வச்சுக்கிட்டு நான் என்னம்மா செய்யப்போறேன்? போகச் சொன்னாலும் காலு கேக்கமாட்டேங்குதே" என்று அவரும் தலையைச் சொறிந்தார். பௌர்ணமி அலையில் கப்பலைக் கடல் தாண்டி இழுத்துப்போய் வேறொரு யார்டில் முடிப்பது என்று ஏற்பாடு. பாதிக் கப்பலில் ஆள் ஏறக்கூடாது, கப்பலின் சாமான்கள் மட்டும் போகலாம் என்பது சட்டம்.

அன்று அவள் பெயின்ட் டப்பாவோடு வீட்டுக்கு வந்து, தன் முன்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மாமியார் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"உன் கையில எழுதிக்கிட்டு நீ போயிடுவ. என்னை யாரு பாக்கறது?"

"உங்களுக்கும் எழுதிடறேன் அத்தை."

"இந்த வயசுல என் உடம்புல பெயின்ட் அடிக்கணுமாக்கும்! செவுத்துல எழுதுடி. உள்ள இருக்கறதெல்லாம் வீட்டோட வரும்."

எழுதினால் வீடு தங்களுடையது இல்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எழுப்பிய சுவர். புருஷனில்லாத வீட்டைச் சொந்தமாக வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரே மூச்சில் எழுதி முடித்தாள்.

பெயின்ட் காய்ந்ததும் வீடு கிளம்பியது. தெருக்காரர்கள் பைக்குகளை ஓரம் கட்டி வழிவிட்டார்கள். மாமியார் அடுப்பில் இருந்த பாத்திரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். யார்டுக்குள் நுழைந்த வீடு கப்பலின் மேல் ஏறி, மாலுமிகளுக்கு அறை கட்டாமல் விட்டிருந்த வெற்றிடத்தில் அமர்ந்தது. வாங்கியவரின் சர்வேயர் டேப் பிடித்து அளந்து வரைபடத்தில் சேர்த்துக்கொண்டார். ஜன்னல்கள் மட்டும் கொஞ்சம் சின்னது என்றார். அஸ்திவாரத்தைச் சுற்றித் தகடு வைத்து வெல்டர் தானே பற்றவைத்தான்.

வேலை முடிந்ததும் அவன் வீட்டு வாசல் பக்கமாக நடந்தான். கால்கள் திரும்பவில்லை. படியோரம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனான்.

"வந்துட்டியா? கையக் கழுவு" என்றாள் அம்மா.