ஒழுகாத வாளி

நாகஜோதி கடைசியாகச் சண்டை போட்டது ஒரு ஓட்டை வாளிக்காக.

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு லாட்ஜின் மாடி. மறுநாள் காலை வைகை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு, மகள் யுவராணி வீட்டுக்குப் போகிறோம். எங்கள் எம்.ரெட்டியபட்டியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, அருப்புக்கோட்டையில் மாறி மதுரைக்கு வந்தால், அதற்குள் வைகை திண்டுக்கல்லைத் தாண்டியிருக்கும். அதனால் முந்தின நாள் சாயங்காலமே வந்து, ஸ்டேஷன் பக்கம் ரூம் எடுத்துத் தங்கிவிடுவோம். ரூம் பார்ப்பது என் வீட்டுக்காரி நாகஜோதியின் வேலை. பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்பது என் வேலை.

குழாயைத் திறந்து வாளியை நிரப்பிவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். வாளிக்கு அடியிலிருந்து தண்ணீர் கோடு போட்டுக்கொண்டு வந்தது.

“தம்பி, இங்க வாங்க. இது வாளியா, சல்லடையா?”

சாவியோடு வந்திருந்த மேனேஜர் எட்டிப் பார்த்தார். “ஒரு ராத்திரிக்குத்தானம்மா.”

“ஒரு ராத்திரிக்குன்னா ஒழுகாம இருந்துக்கிருமா அது?”

“குழாயில எந்நேரமும் தண்ணி வரும்மா. ஒழுகுனா ஒழுகிட்டுப் போகுது.”

“வருதுன்னா கொட்டுவீகளா? எங்க ஊருக்கு வந்து ஒரு கொடம் தண்ணிக்கு நின்னு பாருங்க, தெரியும்.”

நான் வராந்தாவில் நின்றபடியே, “விடு நாகஜோதி, மாட்டுச் சந்தைக்கா வந்திருக்கோம்?” என்றேன்.

“மாடு பிடிக்கப் போனா மட்டும் பல்லைப் பிடிச்சுப் பாக்குறீக. இதுக்கும் காசுதான குடுக்குறோம்?”

மேனேஜரே சிரித்துவிட்டார். புது வாளி வந்தது. அதிலும் நிரப்பிப் பார்த்து, அடியைத் தடவிப் பார்த்த பிறகுதான் பையை உள்ளே வைக்கச் சொன்னாள். அப்புறம் தலையணையை முகர்ந்தாள். தாழ்ப்பாளை இரண்டு தரம் போட்டு எடுத்தாள். சன்னலைத் திறந்தால் ஸ்டேஷன் தெரிய வேண்டும் அவளுக்கு. தெரிந்தது. “வண்டிச் சத்தம் காதுல விழுந்துக்கிட்டே இருக்கணும். அப்பத்தான் நம்மள விட்டுட்டுப் போகலைன்னு நிம்மதியாத் தூக்கம் வரும்” என்பாள்.

நாங்கள் கரிசல்காட்டுக்காரர்கள். பருத்தி, கம்பு, நாலு ஆடு, இரண்டு மாடு. கல்யாணம் ஆன நாளிலிருந்து விடிகிற முன்னே எழுந்து சாணி அள்ளியவள் அவள். அவள் வாழ்க்கையில் மாட்டுக்குத் தண்ணி காட்டாமல், அடுப்புப் பற்ற வைக்காமல் விடிந்த நாள் என்றால் அது இந்த லாட்ஜில் விடிந்த நாள்கள்தான். அன்றைக்கும் இரண்டு தரம் குளித்தாள். ஈரத் தலையோடு கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, “தங்கபாண்டி மனு எழுதி எடுத்துட்டு வந்தானே, பாத்தீகளா?” என்றாள்.

பக்கத்து வீட்டுத் தங்கபாண்டி ஊரில் எந்த மனு என்றாலும் முன்னால் நிற்பவன். காலை ரயிலுக்குப் போகிறவர்களுக்கு மதுரைக்கு நேராக ஒரு விடிகாலை பஸ் விட வேண்டும் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான்.

“நல்லதுதான? இந்த லாட்ஜுச் செலவு மிச்சம்.”

“நானும் கையெழுத்துப் போட்டேன். போட்டுட்டு நேரா முனியய்யா கோயிலுக்குப் போயி, அய்யா, அந்தப் பஸ்ஸை மட்டும் விட்டுறாதன்னு கும்பிட்டுட்டு வந்தேன்.”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஐம்பத்தேழு வயதுக்காரி சிரிக்கிற சிரிப்பு இல்லை அது.

மறுநாள் ரயிலில் அவளுக்குச் சன்னல் சீட்டு. அருப்புக்கோட்டையிலேயே சில நாள் ராத்திரி வண்டி உண்டு. ஏறிப் படுத்தால் காலையில் சென்னை. அவள் ஒப்பமாட்டாள். “டிக்கெட் எடுத்துட்டுக் கண்ணை மூடிக்கிட்டுப் போறதுக்கு வீட்டுலயே படுத்திருக்கலாமே” என்பாள். அவளுக்குப் பார்க்க வேண்டியது ஒன்றுதான். திருச்சி வந்ததும் சேலையைச் சரி செய்துகொண்டு எழுந்து நிற்பாள். காவிரிப் பாலம் முடிந்து, கொள்ளிடமும் முடிந்த பிறகுதான் உட்காருவாள். அந்தப் பங்குனியில் ஆறு முழுக்க மணல். நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்கு ஏதோ மினுங்கியது. அதற்கும் எழுந்து நின்றாள்.

“அடுத்த தடவை ஆவணியில வருவோம்ங்க. அப்பத் தண்ணி கெடக்கும்.”

“ஆவணியில உழவு யாரு பாக்குறது?”

“உழவு எங்க போகுது? ஒரு தடவை, கரை தொட்டுப் போறதைப் பாத்துறணும்.”

சரி என்றேன்.

சென்னை போன வாரத்திலேயே, மகள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் விழுந்தாள். மூளையில் இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். பேச்சு திரும்பாமலே போய்விட்டாள். ஊருக்கு ஆம்புலன்ஸில் கொண்டு வந்தோம். மதுரையை வெளிவட்டச் சாலையிலேயே கடந்துவிட்டது வண்டி. ஸ்டேஷன் பக்கம் போகவில்லை.

அதற்குப் பிறகு நான் எங்கும் போகவில்லை. மாடுகளை விற்றுவிட்டேன். விளைச்சலில் பாதி என்று காட்டை வாரத்துக்கு விட்டேன். ஊர் நூலகத்தில் பேப்பர் வந்ததும் முதலில் காவிரி அணையின் நீர்மட்டம் போடுகிற இடத்தைப் பார்ப்பேன். எங்கள் காட்டுக்கும் அந்த அணைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இந்த ஆவணியில் யுவராணி புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறாள். தங்கபாண்டி மகனை விட்டு வைகையில் சன்னல் சீட்டு ஒன்று போட்டு வாங்கினேன். கேள்விப்பட்டதும் மகள் போனில் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, ராத்திரி வண்டியிலயே வாங்களேன். எதுக்கு மதுரையில போயி ஒத்தையாத் தங்கிக்கிட்டு?”

“டிக்கெட் எடுத்தாச்சு தாயி.”

“கேன்சல் பண்ணிக்கலாம்ப்பா.”

“காவிரியில தண்ணி போகுதாம்” என்றேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் மாட்டுத்தாவணியில் இறங்கி டவுன் பஸ் மாறி, அந்த வீதிக்கு வந்தேன். கையில் ஒரு துணிப்பை. நாங்கள் கடைசியாகத் தங்கிய அதே லாட்ஜுக்குத்தான் முதலில் போனேன். மேனேஜர் மாறியிருந்தார்.

“எத்தனை பேரு?”

“ஒரு ஆளுதான்.”

“ரூம் இல்லீங்களே.”

அவர் முதுகுக்குப் பின்னால் பலகை நிறையச் சாவி தொங்கியது. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். படியிறங்கிவிட்டேன்.

அடுத்த லாட்ஜில் இருந்த பையன் வெளிப்படையாகச் சொன்னான். “தனி ஆளுக்கு, அதுலயும் வயசானவுகளுக்குக் குடுக்கிறதில்ல தாத்தா. ஓனர் ஆர்டர்.” ஏன் என்று கேட்டதற்குத் தலையைச் சொறிந்தான்.

அதற்கடுத்த இடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். என் வயசு ஆள், இவர் கொடுப்பார் என்று நினைத்தேன். ஆதாரை வாங்கிப் பார்த்தார்.

“தவசி. அருப்புக்கோட்டைப் பக்கமா? வீட்டுல யாரு இருக்காக?”

“யாரும் இல்ல. நான் மட்டுந்தான்.”

“பை இது ஒண்ணுதானா?”

“ஆமா. எந்த ரூமா இருந்தாலும் சரிங்க. எப்பிடி இருந்தாலும் பரவாயில்ல. இந்த ஒரு ராத்திரி கழிஞ்சாப் போதும்.”

அவர் ஆதாரை மெல்ல என் பக்கம் நகர்த்தினார். டீ சொன்னார். வேண்டாம் என்றும் விடவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பிள்ளைககிட்ட மனசு விட்டுப் பேசுங்க. எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்கு. ஊருக்குக் கடைசி பஸ் இருக்கும், கெளம்புங்க” என்றார். படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான், காலையில் கதவை உடைத்துத் திறக்க வேண்டிய ஆளாக அவர் என்னை நினைத்தார் என்று எனக்கு உறைத்தது. கோபம் வரவில்லை. நாக்கில் டீயின் இனிப்பு இருந்தது.

ஸ்டேஷனில் ரயில்வே ரூம் எல்லாம் நிரம்பிவிட்டது என்றார்கள். பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்துவிடலாம். ஆனால் என் உடம்பு எனக்குத் தெரியும். ராத்திரி முழுக்க முழித்திருந்தால் வண்டி கிளம்பிய உடனே தூங்கிப்போவேன். திருச்சி போனது தெரியாது. அதற்கு ராத்திரி வண்டியிலேயே போயிருக்கலாம்.

வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இன்னொரு லாட்ஜ் இருந்தது. கவுண்டரில் ஒரு பெண். நாற்பது நாற்பத்தைந்து இருக்கும். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. யாரோ உள்ளிருந்து “முனீஸ்வரி அக்கா” என்று கூப்பிட, “வாரேன் இரு” என்று சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் கேட்டேன். அவளும் இல்லை என்றாள்.

திரும்ப வேண்டியதுதான். ஆனால் இத்தனை படி ஏறி இறங்கியும் ஒரு ரூமைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை என்பது என்னவோ போல இருந்தது. நாகஜோதியோடு வந்தால் நாலு ரூமாவது பார்க்காமல் ஓய்ந்ததில்லை.

“குடுக்க வேண்டாம் தாயி. ரூமை மட்டும் பாத்துட்டுப் போகட்டுமா?”

“குடுக்காத ரூமைப் பாத்து என்ன செய்யப் போறீக?”

“சும்மாதான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் ஏறினாள். என்னைத் தனியாக விடக் கூடாது என்று நினைத்திருப்பாள்.

முதல் மாடியில் கடைசி ரூம். கால் தானாகக் குளியலறைக்குப் போனது. குழாயைத் திறந்து வாளியை வைத்தேன். நிரம்பியது. குனிந்து பார்த்தேன்.

“ஒழுகுது.”

“என்னது?”

“வாளி. அடியில கீறல் விட்டிருக்கு, பாருங்க. குடிக்கிற தண்ணி மாதிரி இருக்கு, இப்பிடிக் கொட்டலாமா?”

அவள் பதில் சொல்வதற்குள் நான் கட்டிலுக்கு வந்திருந்தேன். தலையணையை எடுத்து முகர்ந்தேன். “எண்ணெய் வாடை. ஒறைய மாத்தணும். இந்த ஃபேன் ஏன் இப்பிடித் தட்டுது? காலையில வெந்நீர் எப்ப வரும்? அஞ்சு மணிக்கெல்லாம் வேணும், வைகைக்குப் போகணும்.” தாழ்ப்பாளைப் போட்டு எடுத்தேன். மறுபடியும் போட்டு எடுத்தேன்.

“அய்யா, ரூமே இல்லைங்குறேன், நீங்க வெந்நீரு கேக்குறீக!”

“கேட்டு வைக்கணும்ல?”

முனீஸ்வரி வாசல் நிலையில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்தாள்.

“வேற நெனப்புல வாரவுக வாளியைப் பாக்கமாட்டாக அய்யா” என்றாள். “வாங்க, கீழ வந்து எழுதிக் குடுங்க. இம்புட்டு நொட்டை சொல்ல யாரு கத்துக் குடுத்தா ஒங்களுக்கு?”

“வீட்டுல.”

“நல்ல ஆளுதான். அவுக வந்திருந்தா என்னைய ஒரு வழி பண்ணியிருப்பாக.”

“அவ இந்த ரூமை எடுத்திருக்கமாட்டா தாயி.”

“இன்னும் என்ன கொறை?”

“சன்னலைத் திறந்தா சுவருதான் தெரியுது. ஸ்டேஷன் தெரியணும் அவளுக்கு.”

அவள் என் முகத்தையும் கையில் இருந்த ஒற்றைப் பையையும் பார்த்தாள். “மூணாவது மாடியில ஒண்ணு இருக்கு. மூட்டு வலிக்குதுன்னு அதுக்கும் ஒரு நொட்டை சொல்லப்படாது” என்று மட்டும் சொன்னாள்.

அது இரட்டைக் கட்டில் ரூம். சன்னல் வழியே ஸ்டேஷன் கூரையும், அதற்கு அந்தப் பக்கம் ஒரு வண்டியின் முதுகும் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் சலவை வாடையோடு இரண்டு தலையணையும், ஒரு சிவப்பு வாளியும் வந்தன. வாளியை நிரப்பி, அடியைத் தடவிப் பார்த்தேன். கை காய்ந்திருந்தது. சன்னல் பக்கத்துக் கட்டிலை விட்டுவிட்டு மற்றதில் படுத்தேன். வண்டிகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன. தூங்கிவிட்டேன்.

காலையில் நான் இறங்கும்போது முனீஸ்வரி கவுண்டரில் சாமி படத்துக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தாள். “வெந்நீர் வந்துச்சா?” என்றாள். “வந்துச்சு. சூடு பத்தல” என்றேன். “போயிட்டு வாங்க சாமி” என்று பெரிய கும்பிடாகப் போட்டாள்.

திருச்சி தாண்டியதும் எழுந்து நின்றேன். எதிரில் இருந்த சிறு பெண் சன்னல் மறைப்பதாக முனகியது. காவிரி கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. கலங்கல் நிறம். நாணல் சாய்ந்து கிடந்தது. படித்துறையில் யாரோ வாளி வாளியாக மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பார்த்தாயா என்று கேட்கத் திரும்பினேன். அந்தப் பக்கம் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். கொள்ளிடமும் முடிந்த பிறகு உட்கார்ந்தேன்.

பால் காய்ச்சி முடிந்து, ஊர் திரும்பி ஒரு மாதமாகிறது. நேற்று தங்கபாண்டி வந்தான். அதே பஸ்ஸுக்குப் புது மனு ஒன்று வைத்திருந்தான்.

“பழைய மனு என்னலே ஆச்சு?” என்றேன்.

“அது எங்க கெடக்கோ மாமா. இந்தத் தடவை கலெக்டருக்கே நேரா. போடுங்க.”

கையெழுத்துப் போட்டேன். அவன் போனதும் செருப்பை மாட்டிக்கொண்டு முனியய்யா கோயில் வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன்.

எங்கள் ஊருக்கு அந்தப் பஸ் இன்னும் விடவில்லை.