கண்ணாடியில் தெரியாத ஓட்டு

தேர்தல் என்பதால் விடுமுறை. விடுமுறை என்பதால் சலூனில் கூட்டம். பேப்பர் தன் கைக்கு வராத கோபத்தில் பார்லிமெண்ட் உலக அரசியலைக் கிழித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் மூடமாட்டார் என்பதால் சலூன்காரர் வைத்த பட்டப்பெயர் அது.

சலூன்காரருக்கோ கத்தி பிடித்த கையே ஓடவில்லை. ஐந்து மணிக்குள் ஐநூறு ஓட்டு விழாவிட்டால் அந்தச் சின்ன வார்டைப் பக்கத்து வார்டோடு சேர்த்துவிடுவதாக நகராட்சி அறிவித்திருந்தது. மெயின் ரோட்டில் போடுவதாக ஒப்புக்கொண்ட சிக்னலும் அதோடு போய்விடும். போன வருடம் அந்த ரோட்டைக் கடக்கும்போதுதான் அவர் மனைவியை வேன் தட்டிவிட்டது. இன்றும் கைத்தடி இல்லாமல் அவளால் நடக்க முடியாது. தெருவுக்கு எதிரே ஓட்டுச்சாவடியான பள்ளிக்கூட வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விழுந்த ஓட்டைக் காட்டும் பலகையில் மாறும் எண்ணைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் போன் செய்துகொண்டிருந்தாள்.

நாலரைக்கு மறுபடி அழைத்தாள். "நானூத்தித் தொண்ணூத்தொண்ணுல நிக்குதுங்க. ஒருத்தரையும் காணோம்."

சலூன்காரர் கண்ணாடியைப் பார்த்தார். நாற்காலியில் பாதிச் சவரத்தில் ஒருவர், பின்னால் பெஞ்சில் எட்டு முகம். மொத்தம் ஒன்பது. சரியாக ஐநூறு. எல்லாரும் இதே வார்டு, ஒருவர் விரலிலும் மை இல்லை. கத்தியை மடக்கி வைத்தார்.

"எல்லாரும் எந்திரிங்க. ஓட்டுப் போட்டுட்டு வந்தாத்தான் மிச்சம்."

"மிச்சம்னா? என் பாதி மீசையா?" என்றார் நாற்காலிக்காரர்.

"அதேதான்."

"நாம போடுற ஒரு ஓட்டுல என்னய்யா ஆயிடப்போகுது?" என்று ஆரம்பித்தார் பார்லிமெண்ட்.

"எனக்கு ஆகும்ணே. என் பொண்டாட்டி காலையிலேருந்து அங்க வெயில்ல உக்காந்திருக்கா."

பெஞ்சு காலியானது. கன்னத்தில் நுரையோடும் கழுத்தில் துணியோடும் ஒரு படையே தெருவைக் கடந்தது. மாடியில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றெட்டு, நானூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று பலகை ஏறியது. கடைசியாகப் பார்லிமெண்ட் உள்ளே போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"லிஸ்ட்டுல என் பேரு இல்லையாம்."

"எப்பண்ணே சேத்தீங்க?"

"சேக்கவே இல்லப்பா."

முப்பது வருடமாகச் சலூன் பெஞ்சிலேயே எல்லா ஆட்சியையும் அமைத்தவர், கவிழ்த்தவர். சலூன்காரருக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. தானும் மனைவியும் காலை ஏழு மணிக்கே ஓட்டுப் போட்டாகிவிட்டது. இன்னும் ஐந்தே நிமிடம். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

அதைப் பார்த்த பார்லிமெண்டுக்குத் திடீரென்று பொறி தட்டியது. "யோவ், பேப்பரு! கடை மூலையில நம்ம தெரு பஸ் டிரைவர் மூஞ்சில போட்டுத் தூங்கறாருல்ல, அந்தப் பேப்பரு."

சலூன்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் எண்ணியது கண்ணாடியில் தெரிந்த முகங்களை மட்டும்தான்.

அதற்குள் தொந்தி குலுங்கப் பார்லிமெண்ட் ஓடியிருந்தார். ஒரு செருப்பு நடுத்தெருவில் கிடந்தது. டிரைவரைத் தோளோடு தள்ளிக்கொண்டு அவர் திரும்பியபோது, "டிப்போ வந்துருச்சா?" என்று தூக்கக் கலக்கத்தில் கேட்டபடியே டிரைவரும் ஓடிவந்தார். கதவைச் சாத்தப் போன காவலர் விலகி வழிவிட்டார்.

ஐநூறு.

சலூன்காரர் நுரை முகத்தோடு நின்றவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

"அண்ணே, இந்த ஓட்டு நீங்க போட்டது."

"இல்லம்மா," என்றார் பார்லிமெண்ட், ஒற்றைச் செருப்போடு மூச்சு வாங்கியபடி. "பேரு சேக்கற ஃபாரம் எங்க குடுக்கறாங்க?"