உப்புக்காற்றும் இரைகிற லப்டொப்பும்

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக எழுதத் தொடங்கியதல்ல. கேம் விளையாட லப்டொப், அதாவது மடிக்கணினி, வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாத இதழ் கட்டுரை கேட்டது. 'சூட்டை எப்படி வெளியேற்றுகிறது என்று முதலில் பாருங்கள், நினைவகத்தை அடுத்துப் பாருங்கள்' என்று எழுதிக்கொண்டு போனேன். உதாரணத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்து மீனவர் ஊரான குருநகரிலிருந்து ஜெசிதா என்றொரு பெண்ணைக் கற்பனையில் கூப்பிட்டேன். வந்தவள் தகப்பன் சந்தியோகுவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கட்டுரை அத்தோடு படுத்துவிட்டது.

2

தொடக்கம் ஒன்று: கடற்காற்றில் கோயில் மணியோசை மிதந்து

[வேண்டாம். குருநகர் என்றதும் எல்லாரும் அடிக்கிற மணி.]

தொடக்கம் இரண்டு: விளையாட்டின் நடுவில் ஜெசிதாவின் லப்டொப் அணைந்துபோனது.

இது பரவாயில்லை. அவள் விளையாடுவது பிரான்சில் இருக்கிற அண்ணன் லெனாட்டோடு. தகப்பனோடு கடலுக்குப் போக வேண்டிய ஒரு காலையில், ஒரு வார்த்தை சொல்லாமல் வெளிநாட்டுக்குப் புறப்பட்டுப் போனவன். அன்றிலிருந்து சந்தியோகு மகனோடு கதைப்பதில்லை. அவன் அழைப்பு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அவனும் வீட்டுக்கு அழைப்பதை விட்டுவிட்டான். தங்கையோடு சேர்ந்து, துப்பாக்கியும் கையுமாக, திரையில் ஏதோவொரு பாழடைந்த நகரத்தில் ஓடும்போது மட்டும் வாய் திறப்பான்.

"அப்பாட்டைச் சொல்லு…" என்று தொடங்குவான். லப்டொப் கொதித்து அணைந்துவிடும். திரும்பப் போட்டுக்கொண்டு வந்தால், "ஒண்டுமில்லை, விடு" என்பான். ஒரு தரமா, இரண்டு தரமா?

ஜெசிதாவுக்கு வேகமும் வேண்டாம், பளபளப்பும் வேண்டாம். அந்த வசனம் முடியும்வரை அணையாத ஓர் இயந்திரம் கிடைத்தால் போதும்.

3

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கடை. கடைக்காரன் கோகுலன் இரண்டு லப்டொப்புகளை எடுத்து வைத்தான். ஒன்று மெல்லியது, சத்தமே இல்லை. நினைவகம் எட்டு ஜிபி, பிறகு கூட்டவும் முடியாது. மற்றது தடித்தது. இரண்டு விசிறி, பின்பக்கம் முழுக்கக் காற்றுப் போகிற வழி, பதினாறு ஜிபி.

சந்தியோகு தடித்ததன் பக்கம் காதைக் கொடுத்தார்.

"என்ன தம்பி, புதுச் சாமானே உப்பிடி இரையுது?"

"இரைஞ்சால்தான் ஐயா சூடு வெளியாலை போகும்."

"அண்ணை, என்ரை பழசையும் ஒருக்காப் பாருங்கோ," என்று ஜெசிதா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "ஏன் கொதிக்குது எண்டு தெரியேல்லை."

கோகுலன் அதைக் கவிழ்த்தான். அடியிலிருந்த காற்றுத் துளைகள் எல்லாம் கறுப்பு ஒட்டுநாடா ரேப்பால் அடைக்கப்பட்டிருந்தன. ஓரிடத்திலும் ஓரம் கிளம்பவில்லை. அவ்வளவு கவனமாக ஒட்டிய ஒட்டு.

"ஆர் இந்த வேலை பாத்தது?"

(இந்த இடத்தில் சந்தியோகுவைக் கோபக்காரராக எழுதி வைத்திருந்தேன். மகன் பேச்சை எடுத்தாலே சீறுகிறவர். அந்த மனிதர் இந்த ரேப்பை ஒட்டியிருக்க மாட்டார். அடித்துவிட்டேன்.)

"நான்தான்," என்றார் சந்தியோகு. "உப்புக்காத்து உள்ளுக்கை பூந்தால் கறள் பிடிச்சு அரிச்சுப்போடும். எங்கடை வீட்டிலை எந்தச் சாமான் மிஞ்சினது? அதுதான் அடைச்சனான்."

"அதாலைதானப்பா கொதிச்சுக் கொதிச்சு நிக்குது! என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

அவர் கண்ணாடி அலுமாரியைப் பார்த்தார். "அவன் உதுக்குள்ளாலைதானே கதைக்கிறவன்," என்றார்.

ஜெசிதாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகைதான் வந்தது. கடையில் அழுவது வெட்கமென்று, தடித்த லப்டொப்பின் விசைகளைச் சும்மா தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோகுலன் ரேப்பை உரித்தான். "இனிச் சூடு குறையும். ஆனா இதிலையும் றாம் எட்டு ஜிபிதான். கேமும் கதையும் ஒண்டா ஓடேக்கை திணறும்."

"இரையிறதையே எடு பிள்ளை," என்றார் சந்தியோகு.

* கட்டுரைக்காக வந்தவர்களுக்கு: கடற்கரையில் இருந்தால், பாவிக்காத நேரத்தில் லப்டொப்பைப் பையில் போட்டு மூடிவையுங்கள். துளையை மட்டும் அடைக்காதீர்கள். என் கடமை முடிந்தது.

4

முடிவு ஒன்று: லெனாட் மன்னிப்புக் கேட்க, சந்தியோகு கண்

[இவ்வளவு சுலபமென்றால் இத்தனை வருடம் எதற்கு?]

முடிவு இரண்டு: கரண்ட் போய்விடுகிறது.

[லப்டொப்பில் பற்றரி இருக்கிறது. இணையம் போய்விடுகிறது என்று மாற்றலாம். ஆனால் அது கோழைத்தனம். பழைய லப்டொப் அணைந்த ஒவ்வொரு தரமும் தப்பியவன் நான்தான். லெனாட் என்ன சொல்ல வந்தான் என்று எனக்குத் தெரியாது.]

ஆகவே தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து ஜெசிதா விளையாட உட்கார்ந்தாள். புது லப்டொப் இரைந்தது. சந்தியோகு வெளியே போகவில்லை. யன்னலடியில் போய் நின்றார். பாழடைந்த நகரத்தில் ஒரு சுவருக்குப் பின்னால் இருவரும் ஒதுங்கியதும் லெனாட் தொடங்கினான்.

"அப்பாட்டைச் சொல்லு…"

ஜெசிதா காதில் மாட்டியிருந்ததன் வயரை லப்டொப்பிலிருந்து பிடுங்கினாள். இனி அவன் குரல் அறை முழுக்கக் கேட்கும்.

"நீயே சொல்லண்ணை. இஞ்சைதான் நிக்கிறார்."

லப்டொப் அணையவில்லை. எனக்கும் இனித் தப்பிக்கச் சாட்டு இல்லை. ஆனாலும் அடுத்த வசனம் லெனாட்டுடையது. அவன் வாயில் என் வசனத்தை வைக்க எனக்கு மனமில்லை. நீங்கள் வைப்பதானால் வையுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வையுங்கள். விசிறி இரைகிறது, சந்தியோகு யன்னலடியில் நிற்கிறார்.